வாரம் ஒரு ஊர், வாரம் ஒரு மனிதர்: ஓடிடி தளங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓடிடி தளங்களில் கதை தேர்வு செய்யும் அன்பர்களுக்கு,

வணக்கம். எட்டு எபிசோடு, ஒரே கொலை, கடைசியில் 'மீதி அடுத்த சீசனில்'. அந்த அடுத்த சீசன் பல நேரம் வருவதே இல்லை. இந்த வகையைக் கொஞ்ச நாள் ஓரங்கட்டிவிட்டு, பழைய அமெரிக்கத் தொடர் 'தி ஃப்யூஜிடிவ்' பக்கம் ஒருமுறை போய் வாருங்கள்.

1963 முதல் 1967 வரை ஏபிசி டிவியில் 120 எபிசோடு ஓடியது. மனைவியைக் கொன்றதாக மரண தண்டனை பெற்ற டாக்டர் கிம்பிள், ரயில் தடம் புரண்டதில் தப்பிக்கிறார். உண்மையான கொலையாளி என்று அவர் நம்பும் ஒற்றைக் கை ஆசாமி ஒருவனைத் தேடி, பொய்ப் பெயரில், கிடைத்த கூலி வேலையைச் செய்துகொண்டு ஊர் ஊராக அலைகிறார். போகிற ஊரிலெல்லாம் யாரோ ஒருவர் சிக்கலில் இருப்பார்.

உதவப் போனால் கிம்பிள் மாட்டிக்கொள்வார் என்பதுதான் இதில் சுவாரஸ்யமே. காயத்துக்கு ஒழுங்காகக் கட்டுப் போட்டாலே 'நீ டாக்டரா?' என்ற கேள்வி வந்துவிடும். 1965இல் வந்த இரண்டு பாகக் கதையில், பஸ் விபத்தில் தற்காலிகமாகப் பார்வை போன ஒரு பெண்ணுக்கு அவர் துணையாகப் போகிறார். அந்தப் பெண் யார் தெரியுமா? அவரைத் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜெரார்டின் மனைவி! கிம்பிளுக்கே முதலில் இது தெரியாது.

இப்படி ஒரு கதையோடு யாராவது உங்களிடம் வந்தால், நாயகன் பத்துப் பேரை அடித்துப்போட்டு ஊரைக் காப்பாற்றுவதாக மாற்றச் சொல்லாதீர்கள். (சொல்வீர்கள், தெரியும்.) பாதி எபிசோடை அந்த ஊர்க்காரருக்குக் கொடுங்கள். நல்ல நடிகர்களுக்கு வாராவாரம் ஒரு முழு வேஷம் கிடைக்கும். பின்னாளில் பெரும் பெயரெடுத்த ராபர்ட் டுவாலும் புரூஸ் டெர்னும் 'தி ஃப்யூஜிடிவ்' தொடரில் அப்படி வந்து போனவர்கள்தான்.

வாரம் ஒரு கதை முடிந்துவிட்டால் ஆள் திரும்ப வரமாட்டார் என்று பயப்படுகிறீர்களா? 1967 ஆகஸ்ட் 29 அன்று கடைசி எபிசோடு ஒளிபரப்பானபோது, அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த டிவிகளில் 72 சதவீதம் அதில்தான் இருந்தன.

ஒரு சீசனுக்காவது பணம் போடுங்கள். உண்மையான கொலையாளி பிடிபடும் எபிசோடை மட்டும் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். நடுவில் நிறுத்தினாலும் அதையாவது போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
மாதாமாதம் சந்தா கட்டும் ஒரு ரசிகன்