பழுப்புத் தொப்பிக்காரருக்கு

2023 ஜூன், நியூ மெக்சிகோ பாலைவனம். ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா கோப்பை என்ற மாணவர் ராக்கெட் போட்டிக்காக ராத்திரி பகல் பார்க்காமல் நாங்கள் செய்த ராக்கெட், ஏவும் நாளன்று காலையில் மக்கர் பண்ணியது. 10,000 அடி உச்சியில் உடல் இரண்டாகப் பிரிந்தால்தான் பாராசூட் வெளியே வரும். வெயிலும் புழுதியும் சேர்ந்து நடு இணைப்புக் குழாய் இறுகிக் கிடந்தது. ஆளாளுக்கு இழுத்தோம்; அசையவில்லை.

நீங்கள் பக்கத்துக் கூடாரத்திலிருந்து வந்தீர்கள். என்ன பிரச்சினை என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு பெரிய குடையை விரித்து நட்டீர்கள் (எங்களுக்கில்லை, ராக்கெட்டுக்கு!). நிழலில் சூடு ஆறியதும் குழாய் இளகியது. பிறகு மண்டியிட்டு, உப்புத்தாளால் விளிம்பைச் சுற்றித் தேய்த்தீர்கள். கொஞ்சம் தேய்ப்பது, மாட்டிப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. இழுத்த இழுப்பில் எங்கள் நைலான் திருகுகள் உடைந்திருந்தன. உங்கள் மிட்டாய் டப்பாவிலிருந்து நான்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தீர்கள். உச்சியில் உடலைப் பிரிக்கும் வெடிமருந்தின் அழுத்தத்தில் அறுபட வேண்டியவை அவைதான். அவசரத்துக்கு இரும்புத் திருகு போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும்.

பாராசூட் விரிந்ததும் உங்களைத் தேடி ஓடினேன். கூடாரம் காலி. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை, என் மடத்தனம்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த யாராவது அவரிடம் சொல்லுங்கள்: மூன்று திருகுதான் தேவைப்பட்டது. நான்காவது என் பர்ஸில் பத்திரமாக இருக்கிறது.