வெட்டியெடுத்த சதை எங்கே போகிறது? கிழக்கின் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை பிராந்தியப் பணிப்பாளர்களுக்கும், எங்கள் வைத்தியசாலைகளில் கடமை செய்யும் விசேட வைத்திய நிபுணர்களுக்கும்,

வணக்கம்.

நேராகவே விசயத்துக்கு வருகிறேன். நான் உங்களிடம் கேட்பது இரண்டுதான். உடம்பிலிருந்து வெட்டியெடுக்கிற சதை எவ்வளவு சின்னத் துண்டாக இருந்தாலும் அது பரிசோதனைக்குப் போக வேண்டும், அதன் அறிக்கை நோயாளியின் கைக்கு வந்து சேர வேண்டும். அடுத்தது, ஒரே ஆளுக்கு வந்த தோல் வருத்தத்தையும் வயிற்று வருத்தத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க, மாதம் ஒரு தடவையாவது நீங்கள் எல்லோரும் கூட வேண்டும். இதற்குப் புதுக் கட்டடமோ கோடிக்கணக்கான ரூபாயோ தேவைப்படாது என்பதால்தான் துணிந்து கேட்கிறேன்.

என் பெரியம்மாவுக்கு என்ன நடந்தது என்று சொன்னால் ஏன் கேட்கிறேன் என்பது விளங்கும். அவவுக்கு நீண்ட காலமாக வயிற்றோட்டம். சாப்பிடாமல் இருந்தாலும் போகும், நடுச்சாமத்தில் எழும்பி ஓடுவா. மருத்துவக் கிளினிக்கில் நரம்புத் தளர்ச்சியால் வருகிற குடல் எரிச்சல் என்றார்கள், காஸ்ட்ரிக் குளிசையும் கொடுத்தார்கள். இடைக்கிடை முகமும் நெஞ்சும் தீப்பிடித்த மாதிரிக் கொதிக்கும். மாதவிடாய் நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்புறம் கழுத்தைச் சுற்றியும் முன்கையிலும் கறுத்துச் சொரசொரப்பாக ஒரு படை வந்தது. தோல் கிளினிக்கில் வெயில் ஒவ்வாமை என்று களிம்பு, ஊரில் பரிசாரி கரப்பன் என்று எண்ணெய். பிறகு கால் வீங்கியது, இதயக் கிளினிக்கில் இன்னொரு கொப்பி போட்டார்கள். மூன்று கிளினிக், மூன்று கொப்பி, ஒவ்வொன்றிலும் அந்தந்தக் கிளினிக்குக்குரிய வருத்தம் மட்டும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்த முதல் ஆள் கொழும்பில் இருந்த ஒரு வைத்தியர். அதற்குள் கட்டி ஈரலில் பரவியிருந்தது.

அவவுக்கு இருந்தது சிறுகுடலில் தொடங்கிய ஒரு நரம்பு நாளமில்லாச் சுரப்புக் கட்டி, அபூர்வமான ஒரு புற்றுநோய். 1907ஆம் ஆண்டில் ஓபர்ன்டோர்ஃபர் என்ற ஜெர்மன் நோயியலாளர் கார்சினாய்டு என்று பெயர் வைத்த வகை. நடிகர் இர்ஃபான் கான் 2018இல் தனக்கு நரம்பு நாளமில்லாச் சுரப்புக் கட்டி என்று அறிவித்தபோது பலர் முதல் தடவையாகக் கேள்விப்பட்டார்களே, அதே குடும்பத்து நோய். குடலில் இருக்கும் இந்தக் கட்டி செரோட்டோனின் என்ற இரசாயனத்தை அளவுக்கு மீறிச் சுரக்கும். ஈரலுக்குப் பரவிய பிறகு அது நேரே இரத்தத்தில் கலந்து வயிற்றோட்டத்தையும் முகச்சூட்டையும் கொண்டுவரும், நாளடைவில் இதயத்தின் வலப்பக்க வால்வுகளைத் தடிக்க வைக்கும், அதனால்தான் கால் வீங்குகிறது. செரோட்டோனின் செய்ய, சாப்பாட்டுப் புரதத்தில் இருக்கிற டிரிப்டோஃபன் வேண்டும். வழமையில் உடம்பு அதற்கு நூற்றில் ஒரு பங்கு அளவில்தான் செலவழிக்கும், இந்த நோயில் பாதிக்கும் மேல் அதற்கே போய்விடலாம். விற்றமின் பீ3யில் ஒரு பகுதியை உடம்பு செய்துகொள்வதும் இதே டிரிப்டோஃபனிலிருந்துதான். அது குறைந்தால் வெயில் படுகிற கழுத்திலும் கையிலும் பெலாக்ரா என்ற படை வரும். ஆக, பெரியம்மாவின் வயிறு, தோல், கால் மூன்றும் ஒரே கட்டியின் வேலை. இதை மறைவாக வைத்திருக்கும் புத்தகம் எதுவும் இல்லை, மருத்துவ மாணவர்கள் படிக்கிற பாடம்தான். எங்கள் வைத்தியர்களுக்கும் தெரியும், அவர்களின் அறிவைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நூற்றுக்கணக்கான பேர் வரிசையில் நிற்கிற கிளினிக்கில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும்போது மற்றக் கொப்பியை யார் கேட்பது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முகம் சிவக்கும் என்று புத்தகங்கள் எழுதுகின்றன. எங்கள் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. நோயாளி கொதிக்கிறது, எரிகிறது, வேர்க்கிறது என்றுதான் சொல்லுவார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு 24 மணிநேரச் சிறுநீரில், செரோட்டோனின் சிதைந்து வருகிற 5-ஹெச்ஐஏஏ என்ற பொருளைப் பார்க்கலாம். அந்தச் சோதனைக்கு முன் இரண்டு மூன்று நாள் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி தவிர்க்க வேண்டும் என்பதை நோயாளிக்குத் தமிழில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் முடிவு பிழையாக வரும். இந்தக் கட்டியைத் தேடச் செய்கிற குரோமோகிரானின் என்ற இரத்தச் சோதனையின் அளவை, காஸ்ட்ரிக்குக்குக் கொடுக்கிற ஒமெப்ரசோல் குளிசை கூட்டிக் காட்டும். கிழக்கில் ஒமெப்ரசோல் இல்லாத வீடு எது?

அபூர்வ நோய்க்கெல்லாம் தனி ஏற்பாடு செய்ய முடியுமா என்று நீங்கள் கேட்கக்கூடும். ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வருகிற புற்றுநோயை அபூர்வ வகை என்று கணக்கிடுகிறார்கள். அப்படிப்பட்ட வகைகள் ஏறத்தாழ 200 இருக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தப் புற்றுநோயாளிகளில் ஐந்தில் ஒருவர் அதற்குள் வந்துவிடுகிறார். தனித்தனியாகத்தான் அவை அபூர்வம், சேர்த்துப் பார்த்தால் உங்கள் வார்டுகளில் எப்போதும் யாரோ ஒருவர் இருப்பார். இரைப்பைக் குடல் ஸ்ட்ரோமல் கட்டியை எடுங்கள், சுருக்கமாக ஜிஸ்ட் என்பார்கள். உலகில் பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்குப் பத்திலிருந்து பதினைந்து பேர் என்பது பொதுவான கணக்கு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைச் சேர்த்தால் பதினொன்றரை லட்சத்துக்கும் மேல். அதே விகிதம் இங்கும் என்றால் ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பறையில் பாதிப் பேர். அவர்கள் எங்கே? எத்தனை பேருக்குச் சரியான பெயர் சொல்லப்பட்டது?

இந்த ஜிஸ்ட் விசயத்தில் சதைத்துண்டின் அருமை நன்றாகத் தெரியும். முன்பு இதைச் சாதாரணத் தசைக் கட்டி என்றே நினைத்தார்கள், கீமோ கொடுத்தாலும் அசையாது. 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தக் கட்டிகளில் கிட் என்ற மரபணு மாறியிருப்பதைக் கண்டார்கள். 2002இல் அமெரிக்காவில் இமாட்டினிப் குளிசை இதற்கு அனுமதிக்கப்பட்டது. பழைய நோயாளிகளின் சதைகள் மெழுகில் பதித்து மெழுகுக் கட்டிகளாகப் பத்திரமாக வைக்கப்பட்டிருந்த இடங்களில், அவற்றை எடுத்து மறுபடி சாயம் போட்டுப் பார்த்து, உங்களுக்கு இருப்பது இது, மருந்து இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. அந்தக் குளிசைக்கான காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. வழக்கு இழுபட்டு 2013இல் இந்திய உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது, விலை குறைந்த இந்தியத் தயாரிப்பு நிலைத்தது. மருந்து எங்களுக்குப் பக்கத்துக் கரைவரை வந்துவிட்டது. ஆனால் வெட்டிய கட்டி பரிசோதிக்கப்படாவிட்டால், கிட்டைக் காட்டித் தருகிற சிடி117 என்ற சாயம் போடப்படாவிட்டால், அந்தக் குளிசை யாருக்கென்று எப்படித் தெரியும்?

இனி எங்கள் சதைத்துண்டின் கதை. வெட்டிய உடனேயே பத்துச் சதவீதப் போர்மலினில், துண்டின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு திரவத்தில் போட வேண்டும். சேலைனில் போட்டு வைத்தால் கெட்டுப்போகும், பிறகு எந்த நிபுணராலும் ஒன்றும் சொல்ல ஏலாது. போத்தலைச் சொந்தக்காரரின் கையில் கொடுத்து, இதைத் தனியார் ஆய்வுகூடத்தில் கொடுங்கள் என்று அனுப்புகிறார்கள். காசு இல்லாதவர் என்ன செய்வார்? போத்தல் வீட்டு அலுமாரியில் இருந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பெரியம்மாவுக்குப் பல வருடங்களுக்கு முன் ஒரு வைத்தியசாலையில் குடல்வால் அகற்றினார்கள். அகற்றப்படும் குடல்வால்களில் முந்நூறில் ஒன்று என்ற அளவில் இதே கார்சினாய்டு தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. அவவின் குடல்வால் பரிசோதனைக்குப் போனதா என்று கேட்டோம், பதிவும் இல்லை, அறிக்கையும் இல்லை. அதில் ஏதாவது இருந்ததா என்பதை இனி அறிய வழியே இல்லை. இது எங்கள் குடும்பத்துக்கு மாறாத வலி. வேறு யாருக்கும் இது வரக்கூடாது.

ஒரு பதிவேடு போதும். எந்தத் திகதி, யாருடைய சதை, எங்கே அனுப்பினோம், அறிக்கை வந்ததா, நோயாளிக்குச் சொன்னோமா. கடைசிக் கட்டம் நிரம்பாத பெயர்களுக்கு வாரம் ஒருமுறை ஒரு தாதியோ எழுதுவினைஞரோ தொலைபேசி எடுத்தால் முடிந்தது. மெழுகுக் கட்டிகளை எறியாமல் வையுங்கள், மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையிலோ வேறெங்கோ இரண்டாவது கருத்துக் கேட்க வேண்டி வந்தால் நோயாளி கேட்டதும் கொடுங்கள்.

தோலைப் பற்றியும் சொல்லாமல் விட ஏலாது. மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவு இருக்கிறது. குட்டரோகம் வந்தவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட காலத்தின் பயம் இன்னும் எங்கள் சனங்களை விட்டுப் போகவில்லை. ஒரு வெளிறிய தேமலைக் கண்டால் மறைப்பார்கள். மறைக்கிற தேமலில் பெரும்பாலானவை சாதாரணப் பூஞ்சணம், சில குட்டரோகம், அதற்கு இலவச மருந்து உண்டு, குணமாகும். ஆனால் களிம்புக்கும் மாறாமல் வருடக்கணக்கில் நிற்கிற வெளிறிய தேமல், அபூர்வமாக, மைகோசிஸ் ஃபங்கோயிட்ஸ் என்ற தோல் லிம்ஃபோமாவாக, அதாவது ஒருவகைப் புற்றுநோயாக இருக்கலாம். கருமையான தோலில் அது இப்படி வெளிறித்தான் வருவதுண்டு. ஒரு தடவை எடுத்த பயோப்சி, அதாவது சதைப் பரிசோதனை, ஒன்றும் சொல்லாமல் போனால் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டிய நோய் அது.

உள்ளங்காலில் வருகிற கறுப்புப் புள்ளி இன்னொன்று. பாடகர் பொப் மார்லியின் கால்விரலில் 1977இல் கண்டது அந்த வகை மெலனோமா என்ற தோல் புற்றுநோய்தான், 1981இல் அவர் இறந்தார். கருமையான தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடியில்தான். எங்கள் வயற்காரரும் கரைவலை இழுப்பவர்களும் வெறுங்காலோடு நிற்பவர்கள். முள் குத்திய இடம், இரத்தம் கட்டியிருக்கு என்று விட்டுவிடுவார்கள். சீனி வருத்தக் கிளினிக்கில் காலைப் பார்க்கிற தாதிமாருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் எத்தனை பேரைப் பிடிக்கலாம்!

காலில் ஆறாத புண் வந்தால் எங்களூரில் உடனே சீனிப்புண் என்கிறோம், அநேகமாகச் சரியாகவும் இருக்கும். ஆனால் பயோடெர்மா கேங்ரினோசம் என்று ஒன்று உண்டு. ஊதா நிற ஓரத்தோடு வேகமாகப் பெருக்கும், நோவு தாங்க முடியாது. அழுகிய சதை என்று நினைத்து வெட்ட வெட்டப் புண் இன்னும் பெருக்கும். அதற்கு வேண்டியது கத்தியில்லை, ஸ்டீரொய்டு போன்ற மருந்து. இது வந்தவர்களில் கணிசமானோருக்குக் குடல் அழற்சியும் இருக்கும், ஆகவே புண்ணோடு வந்தவரிடம் வயிற்றைப் பற்றிக் கேட்க வேண்டும். இங்கேயும் அதேதான், சர்ஜனும் தோல் வைத்தியரும் குடல் வைத்தியரும் ஒருவரோடொருவர் பேசினால் ஒரு கால் மிஞ்சும்.

அதனால்தான் மாதக் கூட்டம் கேட்கிறேன். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் முன்னின்று, கல்முனையின் இரண்டு வைத்தியசாலைகளும் அம்பாறையும் அக்கரைப்பற்றும் களுவாஞ்சிகுடியும் வாழைச்சேனையும் சூமில் சேரட்டும். கொரோனாக் காலத்தில் எல்லோருக்கும் பழகிய விசயம்தானே. பெயர் மறைத்து, குழப்பமான நோயாளிகள் நாலைந்து பேரின் கொப்பி, ஸ்கேன், சிலைடு. குடல் காசநோயா, குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயா என்று பிரித்தறிவது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்கு என்னைவிடத் தெரியும். காசநோய்க்காரருக்குத் தவறி ஸ்டீரொய்டு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அப்படியான முடிவை ஒரு வைத்தியர் தனியே சுமக்கக் கூடாது, அது அவருக்கும் நியாயமில்லை.

பொத்துவிலிலோ திருக்கோவிலிலோ இருந்து மகரகமைக்குப் போவதென்றால் ஒரு இரவு முழுக்க பஸ், கூலி வேலைக்காரருக்கு உழைப்பும் போச்சு. அங்கே புற்றுநோய் எங்கே பரவியிருக்கிறது என்று பார்க்கிற பெட் ஸ்கேன் வந்தது பொதுமக்கள் எல்லா இனத்தவரும் சேர்த்த பணத்தில், கிழக்கிலிருந்தும் காசு போனது. தேவைப்பட்டால் போகத்தான் வேண்டும், போவோம். ஆனால் இங்கேயே எடுத்திருக்கக்கூடிய பயோப்சிக்காக ஒரு நோயாளியை அனுப்பாதீர்கள். அனுப்பும்போது எல்லாக் கொப்பிகளின் சுருக்கத்தையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள், என்ன சந்தேகம், அடுத்து என்ன என்பதைத் தமிழில் நாலு வரி சேர்த்து.

எங்கள் பக்கத்துப் பிழையும் இருக்கிறது. கத்தி பட்டால் கட்டி பரவும் என்று சொல்லி பயோப்சிக்கு வரமாட்டோம் என்கிறவர்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. அநேகமான கட்டிகளுக்கு அந்தப் பயம் தேவையில்லை. சில கட்டிகளில் மட்டும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்: அட்ரீனல் சுரப்பியின் ஒருவகைக் கட்டியைத் தெரியாமல் தொட்டால் பிரஷர் கட்டுக்கடங்காமல் ஏறும், கார்சினாய்டு உள்ளவருக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது ஒக்ட்ரியோடைட் ஊசி ஆயத்தமாக இருக்க வேண்டும். இதைக் கோயில் மண்டபத்திலும் பள்ளிவாசலிலும் வந்து நீங்களே சொன்னால் சனம் கேட்கும். கூட்டம் ஒழுங்கு செய்ய நாங்கள் ஆயத்தம், கதிரை, ஒலிபெருக்கி, தேநீர் எல்லாம் எங்கள் பொறுப்பு.

பெரியம்மாவுக்கு இப்போது மாதத்துக்கு ஒரு ஊசி. அது வந்த பிறகு இரவில் நித்திரை கொள்கிறா, படை மாறிவிட்டது. ஆனால் அந்த ஊசி சில மாதம் கிடைக்கிறது, சில மாதம் தட்டுப்பாடு, வெளியில் வாங்க எங்களால் தொடர்ந்து முடியாது. எனவே இதையும் சேர்த்துக் கேட்கிறேன்: இப்படியான அபூர்வ மருந்து யாருக்கு எத்தனை தேவை என்ற பட்டியல் மாகாணத்தில் ஒன்று இருக்கட்டும், வருட மதிப்பீட்டை அனுப்பும்போது அந்தப் பெயர்கள் விடுபடாமல் போகட்டும்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். பதிவேட்டை எந்த மாதத்திலிருந்து தொடங்குவீர்கள், முதற் கூட்டத்துக்கு யார் பொறுப்பு, இந்த இரண்டுக்கும் மட்டும் பதில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து,
ஒரு நோயாளியின் பெறாமகள்