பயிற்சிக்கு யாரை அழைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு நடந்த பயிற்சி முகாம் பற்றிய செய்தியை உங்கள் நாளிதழில் பார்த்தேன். படத்தில் பாதி நாற்காலிகள் காலி. பெற்றோருக்கு அக்கறை போதவில்லை என்று யாராவது எழுதுவதற்குள் என் பங்குக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என் மகளும் மருமகனும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். திருப்பூர்க்காரர்களுக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் தெரியும்: காலை எட்டரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு எட்டு மணிக்கு மேல் ஆகிவிடும். ஆட்டிசம் உள்ள என் ஆறு வயதுப் பேரன் பகலெல்லாம் என்னிடம்தான் இருக்கிறான். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியும், இவனைச் சமாளிக்க யாராவது சொல்லித்தர வேண்டியிருந்தது.

போன தடவை வந்த அழைப்பில் ‘தாய் அல்லது தந்தை’ என்று போட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. மகள் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. சரி என்று பேரனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் போனேன். வாசலிலேயே “அம்மா வரலையா?” என்றார்கள். பெயரைப் பதிந்துகொள்ளவில்லை, பின்னால் உட்கார்ந்து கேட்கலாம் என்றார்கள். கேட்டேன். அடையாள அட்டை, உதவித்தொகை, காப்பீடு என்றே நேரம் போய்விட்டது. வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் மிக்ஸி ஓடினால் பையன் தலையில் அடித்துக்கொள்கிறானே, அப்போது நான் என்ன செய்வது? அதை அங்கே ஒருவரும் பேசவில்லை.

அதற்குப் பதில் கிடைத்தது, பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து வீட்டுக்கு வந்த சிறப்பாசிரியரிடம். அந்தம்மா முதலில் எதுவும் சொல்லித்தரவில்லை. பேரன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் என்ன செய்கிறான் என்று பார்த்தார். எங்கள் பல்லடத்தில் தறி ஓடாத தெரு குறைவு, காலி நூல் கோன்களுக்குப் பஞ்சமில்லை. பேரன் அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருப்பான். நான் வாங்கி வைத்த பிளாஸ்டிக் பொம்மைகளை ஓரமாக வைத்துவிட்டு, கோன்களை எல்லாம் தன் மடியில் எடுத்துக்கொண்டார் ஆசிரியர். அவன் கை நீட்டினால் “குடு” என்று அவனுக்காக ஒரு தரம் சொல்லிவிட்டு ஒரு கோனைக் கொடுப்பார். அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை பேசாமல் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் கஷ்டம். பெரியவர்கள் நமக்கு வாய் சும்மா இருக்காது. சில வாரங்களில் பையன் “கு” என்றான். இப்போது தண்ணீருக்கும் அதே “கு”தான்.

சட்டை போடப் பழக்குவதையும் அவரே காட்டித் தந்தார். முழுக்க நாமே மாட்டிவிட்டு, கடைசியாக வயிற்றுப் பக்கம் இழுத்துவிடுவதை மட்டும் அவனிடம் விட வேண்டும். அது வந்த பிறகு ஒரு கையை நுழைப்பது. இப்படியே கடைசியிலிருந்து முன்னால் வர வேண்டும். முடித்தது தான்தான் என்ற சந்தோஷம் ஒவ்வொரு தடவையும் குழந்தைக்குக் கிடைக்கிறது. மிக்ஸிக்கும் வழி சொன்னார்: போடுவதற்கு முன்னால் ஜாரைக் காட்டி, சத்தம் வரப்போகிறது என்று சொல்லி, அவனை வாசலுக்குக் கூட்டிப்போக வேண்டும். அப்புறம் நாளாக நாளாகத் தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் மேடையும் மைக்கும் எதற்கு?

உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயது வரையுள்ள இப்படிப்பட்ட குழந்தைகளின் குடும்பங்களுக்காக ஒரு பயிற்சித் திட்டம் வகுத்திருக்கிறது. 9 குழுக் கூட்டங்கள், கூடவே 3 தடவை வீட்டுக்கு வந்து பார்ப்பது. பெரிய டாக்டர்தான் நடத்த வேண்டும் என்றில்லை, பயிற்சி பெற்ற ஆசிரியரோ களப்பணியாளரோ போதும். விளையாட்டிலும் குளியல், சாப்பாடு போன்ற அன்றாட வேலைகளிலுமே பாடம். பார்த்துக்கொள்பவரின் மன உளைச்சலுக்கும் அதில் இடமுண்டு. என் வயதுக்காரர்களுக்கு முதுகுவலிக்கும் சேர்த்து இடம் கொடுத்தால் நல்லது.

பஸ் செலவு ஒரு தடையில்லை. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் இலவசம், நானே அந்தச் சீட்டைக் கொடுத்தவன். நாளும் இடமும்தான் இடிக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. அங்கேயே ஒரு அறையில் பயிற்சி, அடுத்த அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் என்று வைத்தால் என்ன? வேலைநாளில்தான் முடியும் என்றால் வருபவருக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள்.

உலக வங்கி உதவியுடன் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தமிழக அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தில் ‘விழுதுகள்’ சேவை மையங்கள் வருகின்றன, களப்பணியாளர்கள் வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளோடு, பகலில் குழந்தை யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் கேட்டு, பாட்டியோ சித்தியோ என்னைப் போன்ற தாத்தாவோ, அவர் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த அழைப்பு அந்தப் பெயருக்கு வரட்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் மகளும் மருமகனும்கூட வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
பல்லடம்.