நரிவேட்டைக் குழுத் தலைவர்களுக்கு: சினை ஆடுகள் நிற்கும் வயலுக்குள் உங்கள் நாய்கள்

இங்கிலாந்து, வேல்ஸ் வேட்டைக் குழுக்களின் தலைவர்களுக்கு, ஆடு மாடு வளர்க்கும் எங்கள் வணக்கம்.

நாய்களை ஏவி நரியைப் பிடிப்பது 2005 பிப்ரவரி 18 முதல் தடை. இப்போது நடத்துவது தட வேட்டைதான் என்கிறீர்கள்: நரி மூத்திரம் தோய்த்த துணியைத் தரையில் இழுத்துப் போக, அந்த வாடையைப் பிடித்து நாய்கள் ஓடுகின்றன. அப்படியே இருக்கட்டும். தடம் போடுவது உங்கள் ஆள்தானே? எந்த வயல், எந்த வேலி என்பது காலையிலேயே தெரியும். முப்பது நாற்பது நாய்கள் பட்டிக்குள் புகுந்த பிறகு "தெரியாமல் வந்துவிட்டன" என்றால் எப்படி ஏற்பது?

உங்கள் பருவம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. செம்மறிக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். நவம்பர் தொடக்கத்தில் கிடா சேர்த்தால் ஏப்ரல் தொடக்கத்தில் குட்டி. ஆபத்தான கடைசி ஆறு வாரமும் உங்கள் பருவத்தின் முடிவும் ஒன்றாக வருகின்றன. அப்போது ஆட்டுக்குக் கடி பட வேண்டியதே இல்லை, துரத்தல் போதும். மந்தை வேலி மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று விழும். அடியில் சிக்கியது மூச்சுத் திணறிச் சாகும். தப்பியது மிரண்டுபோய்த் தீனி எடுக்காது. இரட்டைக் குட்டி சுமப்பது என்றால் உடம்புக் கொழுப்பு கரைந்து, ரத்தத்தில் கீட்டோன் (கொழுப்பு கரையும்போது உண்டாகும் பொருள்) ஏறி, பார்வை மங்கி, ஒதுங்கி நின்று, பிறகு படுத்துவிடும். குட்டி வீசுவது, அதாவது சினை கலைவது, சில நாள் கழித்துத்தான். அன்று மாலையே தலை எண்ணி "ஒன்றும் ஆகவில்லையே" என்று போகிறவர் இதைப் பார்ப்பதில்லை.

மாட்டுக்கு வேறு கேடு: நியோஸ்போரா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி. நாய் மலத்தில் இருக்கும் அதன் முட்டைகள் புல்லிலோ தீவனத்திலோ கலந்து வயிற்றுக்குள் போனால், பெரும்பாலும் ஐந்து ஆறு மாதச் சினையில் பசு கன்று வீசும். குணமாக்க மருந்து இல்லை. தொற்றிய பசு வயிற்றிலிருக்கும் கன்றுக்கும் அதைக் கடத்தும். நாய்களுக்குப் பூச்சி மருந்து கொடுத்தோம் என்பது பதிலாகாது. பிரசிகுவாண்டெல் நாடாப்புழுவைக் கொல்லும், நியோஸ்போராவைத் தொடாது. பண்ணைகளில் செத்த கால்நடையை எடுத்துப்போய் நாய்களுக்குப் போடுகிறீர்களே, அதைப் பச்சையாகப் போடாதீர்கள். நஞ்சுக்கொடியும் வீசிய கன்றும் நாய் வாயில் படவே கூடாது.

ஆட்டு வயலில் நாய் அவிழ்ந்து திரிவதே குற்றம் என்கிறது நாய்களிடமிருந்து கால்நடையைக் காக்கும் 1953 சட்டம்; அந்தப் பிரிவில் வேட்டை நாய்க் கூட்டத்துக்கு விலக்கு உண்டு. துரத்தவும் கடிக்கவும் விலக்கு இல்லை. நாய் கால்நடையைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ நாயை வளர்ப்பவர் ஈடு தர வேண்டும் என்கிறது 1971 விலங்குகள் சட்டம். தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸ்மூரில், வேட்டை நாய்கள் பிறர் நிலத்தில் நுழைந்த வழக்கில் 1985இல் வந்த தீர்ப்பு இன்னும் தெளிவு: நாய்கள் நுழையக்கூடும் என்று தெரிந்தும் கட்டுப்படுத்தத் தவறினால் அத்துமீறலுக்கு வேட்டைக் குழுத் தலைவரே பொறுப்பு.

வயல் வயலாகக் குறித்த வரைபடத்தில் எங்கள் கையெழுத்தை வாங்குங்கள். நிலச்சொந்தக்காரர் தலையாட்டினால் போதாது, குத்தகைக்கு ஆடு மேய்ப்பவரையும் கேளுங்கள். இரண்டு நாள் முன்பே கூப்பிட்டு, மந்தை எங்கே நிற்கிறது என்று விசாரியுங்கள். மந்தைக்கும் தடத்துக்கும் நடுவே ஒரு வயலாவது காலியாக இருக்கட்டும். நாய்களை அவிழ்க்கும் முன்பே அந்த எல்லையில் உங்கள் ஆள் நிற்கட்டும். கடைசிக் குதிரைக்காரர் படலைச் சாத்த வேண்டும். திறந்து கிடந்தால் பக்கத்துப் பண்ணை மாடு கலந்து, காசநோய்ப் பரிசோதனை முடித்த மந்தைக்கும் சிக்கல். மீறி நாய் நுழைந்துவிட்டால் அந்த மணி நேரத்திலேயே சொல்லுங்கள். மருத்துவர் செலவும், பிறகு வீசிய குட்டிகளின் விலையும் உங்கள் கணக்கு.

இளம் நாய்களைப் பழக்க ஆகஸ்ட் கடைசியில் இறக்குவீர்கள். அதற்கு முன் வரைபடம் எங்கள் கைக்கு வர வேண்டும்.

ஆடு, மாடு வளர்ப்போர்