1967-க்கு முன்னாடியும் கதை இருக்கு சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலிய பழங்குடி மக்கள் உரிமைனு பேச்சு வந்தாலே எல்லாரும் அவங்களுக்காக அரசியல் சட்டத்தை மாத்தின 1967 வாக்கெடுப்புலயே நின்னுடுறாங்க, ஆனா அதுக்கு 30 வருஷம் முன்னாடியே வில்லியம் கூப்பர்னு ஒரு பழங்குடிப் பெரியவர், எழுபது தாண்டின வயசுல, 1,800-க்கும் மேல கையெழுத்து சேர்த்து பிரிட்டிஷ் ராஜாவுக்கு மனு குடுத்தாரு, அதை கான்பெரா அரசாங்கம் லண்டனுக்கு அனுப்பவே இல்ல. 1938 ஜனவரி 26, வெள்ளைக்காரங்க தாங்க வந்து குடியேறின 150-வது வருஷம்னு சிட்னியில ஊர்வலம் போறாங்க, பழங்குடி மக்கள் அதே ஊர்ல துக்க நாள் மாநாடு நடத்துறாங்க, என்னா துணிச்சல்! 1965-ல சார்லஸ் பெர்கின்ஸ்னு ஒரு பழங்குடி மாணவர் மத்த ஸ்டூடண்ட்ஸோட பஸ் ஏறி மோரீங்கிற ஊருக்குப் போனாரு, பழங்குடி பசங்கள நீச்சல் குளத்துல சேர்க்க மாட்டோம்னு ஊர்க்காரங்க இவங்க மேல முட்டை, தக்காளி வீச்சு, அது நியூஸ்ல வந்தப்புறம்தான் நிறைய பேருக்கு உறைச்சுது. இன்னொண்ணு, ஓட்டுரிமை 1967-ல வந்ததில்ல சார், நாடாளுமன்றத் தேர்தல்ல எல்லா பழங்குடி மக்களும் ஓட்டு போடலாம்னு 1962-லயே சட்டம் வந்தாச்சு.

- ஒரு வாசகர்