மார்ஜரி சைக்ஸைப் பற்றிக் கோத்தகிரியிலும் கேளுங்கள்

பிரிட்டன் குவேக்கர் நண்பர்களுக்கு,

வணக்கம். மௌனமாகக் கூடி வழிபடும் கிறிஸ்தவ மரபினர் நீங்கள்; உங்களுக்குள் ‘நண்பர்’ என்றுதான் அழைத்துக்கொள்கிறீர்கள். அந்த உரிமையில் நானும் அப்படியே அழைக்கிறேன்.

இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில், பக்கத்து வீட்டு மூதாட்டியின் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருந்தேன். எங்கள் ஊர்ச் சாவு வீடு பறையும் ஒப்பாரியுமாக இருக்கும். உங்கள் கூடத்தில் பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, மாலை போட்ட படம்கூட இல்லை. வட்டமாக நாற்காலிகள், நடுவில் ஒரு மேசை, அதில் கொஞ்சம் பூ. இருபது நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு இருமலை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. அப்புறம் ஒருவர் எழுந்து, கூட்டம் முடிந்து டீ குடித்த கடைசிக் கோப்பையைக் கழுவித் துடைத்து வைக்காமல் அந்த அம்மா ஒருநாளும் தன் வீட்டுக்குப் போனதே இல்லை என்றார். உட்கார்ந்துவிட்டார். மறுபடி மௌனம். முடிவில் இருவர் கைகுலுக்க, கூட்டம் கலைந்தது. அவர் என்ன படித்தார், என்ன பதவியில் இருந்தார், ஒன்றும் தெரியாமலே திரும்பினேன். அந்தக் கோப்பை மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மார்ஜரி சைக்ஸ் விஷயத்தில் எனக்கு இதற்கு நேர்மாறு. பெரிய செய்திகளெல்லாம் தெரியும். 1905இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1928இல் சென்னை வேப்பேரியில் பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். தமிழ் கற்றார். இங்கே இருந்தபோதுதான் குவேக்கர் ஆனார். பிறகு சாந்திநிகேதன், அங்கே வங்காளி கற்று, தாகூரின் நாடகங்களை ஆங்கிலத்தில் தந்தார். சேவாகிராமத்தில், கைத்தொழில் வழியாகப் பாடம் சொல்லும் காந்தியின் ஆதாரக் கல்விக்கு ஆசிரியர்களைத் தயார்செய்தார். 1960களில் இந்திய அரசுக்கும் நாகா கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே ஏற்பட்ட நாகாலாந்துப் போர்நிறுத்தத்தைக் கண்காணித்த குழுவில் இருந்தார். கோத்தகிரியில் வீடு. இந்தியக் குடியுரிமை பெற்றவர், கடைசிக் காலத்தில் இங்கிலாந்து திரும்பி 1995இல் 90 வயதில் காலமானார்.

சரி, கோப்பை எங்கே?

அவர் பேசியது வேப்பேரித் தமிழா, புத்தகத் தமிழா? பால்காரரிடம் கணக்குப் பார்க்கும்போது எந்த மொழியில் எண்ணினார்? கோத்தகிரிக்காரர்கள் அவரை டீச்சர் என்றார்களா, அம்மா என்றார்களா? யாராவது வாய்தவறி ‘துரைசானி’ என்றிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்? என் கைக்கு வந்த ஆங்கிலக் குறிப்புகளில் இதெல்லாம் இல்லை. எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் பால் வாங்கப் போகவில்லையே.

மறைந்த நண்பரைப் பற்றிச் சாட்சியம் எழுதி வைப்பது உங்கள் வழக்கம். புகழ்மாலையாக இல்லாமல், அந்த வாழ்க்கையில் இறையருள் எப்படி வேலை செய்தது என்று எழுதுவீர்கள். அந்த வேலையில் ஒரு பங்கு கோத்தகிரியில் பாக்கி இருக்கிறது என்பது என் எண்ணம். வேப்பேரியில் அவரிடம் ஆரம்பத்தில் படித்தவர்கள் இருந்தால் நூறு வயதைத் தாண்டியிருப்பார்கள்; அந்த வாய்ப்பு போய்விட்டது. மலையில் 1960களில் பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபதுதான்.

தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். படுகர் மொழியும் தெரிந்தால் இன்னும் நல்லது. கேள்விப் பட்டியல் வேண்டாம். உங்கள் கூடத்தில் உட்காருவதுபோல அவர்கள் திண்ணையில் பேசாமல் உட்காரட்டும், தானாகச் சொல்வார்கள். சொன்னதைச் சொன்ன மொழியிலேயே உங்கள் நூலகத்தில் வையுங்கள், ஆங்கிலம் அப்புறம் ஆகட்டும். மார்கழிப் பனியில் வர வேண்டாம், வயதானவர்கள் கம்பளியை விட்டு வெளியே வரமாட்டார்கள். சித்திரை சரியாக இருக்கும். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால், கோத்தகிரி பஸ்ஸில் நானும் ஏறிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு மேட்டுப்பாளையத்துக்காரன்