சிகிச்சைக் கோப்பை மூடும் முன்

பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் வரும் இயக்கக் குறைபாடு, செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை மையங்களை நடத்துவோருக்கும், யாருக்கு எத்தனை நாள் பயிற்சி என்று முடிவு செய்வோருக்கும்,

வணக்கம்.

என் மகளுக்கு ஏழு வயது. அவள் பிசியோதெரபிக்குப் போய்வந்த இடத்தில், "இனிமேல் பெரிய முன்னேற்றம் இருக்காதும்மா, வீட்டிலேயே செய்துக்குங்க" என்று கோப்பை மூடிவிட்டார்கள். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ஆறு படங்கள்.

அந்த முடிவு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1997இல் பலிசானோ என்ற ஆய்வாளரின் குழுவினர் இக்குழந்தைகளின் இயக்கத்திறனை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். முதல் நிலை லேசானது, ஐந்தாம் நிலை மிகக் கடுமையானது. என் மகள் நான்காம் நிலை. 2002இல் ரோசன்பாம் குழுவினர் வெளியிட்ட, வயதோடு திறன் எப்படி வளர்கிறது என்று காட்டும் வளர்ச்சிக் கோடுகள், உட்காருவது, தவழ்வது, நிற்பது, நடப்பது போன்ற திறன்களில் பெரும்பகுதி ஐந்து வயதுவாக்கில் வந்துவிடும் என்று காட்டின. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோடு அளந்தது அவ்வளவுதான். புரையேறாமல் விழுங்குவதையும் வேண்டாம் என்பதைப் பிறருக்குப் புரியவைப்பதையும் அது அளக்கவில்லை.

வந்த திறனைக் காப்பாற்றுவதற்கே எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது! மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளர்வதில்லை, குழந்தை வளர்கிறாள். எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுப்பதில்லை. போன வருடம் சரியாக இருந்த, காலைத் தாங்கிப்பிடிக்கும் ஸ்பிளின்ட் இன்று குதிகாலில் புண்ணாக்குகிறது. எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம் இடுப்பு மூட்டைப் பற்றித்தான். இக்குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது விலகத் தொடங்குகிறது. ஐந்தாம் நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கு. தொடக்கத்தில் வலி இருக்காது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். ஸ்வீடனின் தென்பகுதியில் 1994இலிருந்து இக்குழந்தைகளின் இடுப்பை ஒழுங்காகக் கண்காணித்ததால் மூட்டு முழுவதும் நழுவுவது வெகுவாகக் குறைந்தது. கோப்பு மூடிய குழந்தைக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

வீட்டில் செய்யத் தயங்குகிறவள் அல்ல நான். பயிற்சியாளர் அவளைப் பார்ப்பது அரைமணி நேரம், மீதி நேரமெல்லாம் நாங்கள்தான். அதனால்தான் படத்தாள் போதாது என்கிறேன். எப்படித் தூக்குவது, உட்காரவைக்கும்போது எங்கே முட்டுக் கொடுப்பது, எது வலிக்கும் என்பதையெல்லாம் எங்கள் கையைப் பிடித்துச் சொல்லித்தாருங்கள். பிறகு திரும்பக் கூப்பிட்டுப் பாருங்கள். அதே சமயம், நாள் முழுக்க நீட்டி மடக்கச் சொல்லி என்னைத் தெரபிஸ்டாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். அவளுக்கு அம்மாவும் வேண்டும். குளிக்கும்போதும் உடுத்தும்போதும் விளையாடும்போதும் தானாகக் கலந்துவிடுகிற பயிற்சிதான் எங்கள் வீட்டில் நிலைத்திருக்கிறது.

என் மகளிடம் என்ன வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். சொல்லி முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது. தன் அறை விளக்கைத் தானே போட வேண்டுமாம். தோளைத் தாங்கும் இருக்கை, கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பெரிய சுவிட்ச், சில வாரப் பயிற்சி, இவ்வளவுதான் தேவைப்படும். உங்கள் படிவத்தின் 'முன்னேற்றம்' என்ற கட்டத்தில் இதற்கு இடம் கொடுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் அடுத்த எக்ஸ்ரே எப்போது, அடுத்த ஸ்பிளின்ட் அளவு எப்போது என்று தேதி குறித்துவையுங்கள். பயிற்சியைக் குறைக்க வேண்டியிருந்தால் குறையுங்கள். மடமடவென்று உயரும் வயதில் எங்களை மறுபடி உள்ளே விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்